மானியம் யார் பெயரில்?

‘மானியம்’ என்ற சொல்லை இன்று நாம் எரிவாயு உருளையோடும் உரத்தோடும் சேர்த்தே கேட்கிறோம். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு அது மானியக் குழுவை நினைவூட்டும். நூறாண்டுகளுக்கு முன் தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றில் இதே சொல்லைச் சொல்லியிருந்தால் கேட்டவர் மனத்தில் முதலில் ஒரு வயல் தோன்றியிருக்கும். கோயிலில் வாசிப்பவருக்கு, பாடுபவருக்கு, ஆடுபவளுக்கு வரி நீக்கி விடப்பட்ட நிலம் அது. கலைக்குக் கொடுக்கப்படும் பணத்தின் வரலாறு இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அந்த வரலாற்றைப் புரவலர்களின் பெருமையாக எழுதுவதே நம் வழக்கம். பாரி கொடுத்தான், இராசராசன் கொடுத்தான், சரபோசி கொடுத்தான் என்று வாக்கியங்கள் கொடுத்தவனில் தொடங்கிக் கொடுத்தவனிலேயே முடிகின்றன. பெற்றவளின் பக்கமிருந்து அதை வாசித்தால் மூன்று கேள்விகள் எழுகின்றன. பணம் எங்கிருந்து வந்தது? எந்த நிபந்தனையோடு வந்தது? ஆட்டமும் பாட்டும் முடிந்தபின் நிலமும் பெயரும் யாரிடம் தங்கின? ஆவணப்படத்துக்கோ, வாய்மொழி வரலாற்றுத் தொகுப்புக்கோ, இணையக் காப்பகத்துக்கோ நல்கை கேட்டு விண்ணப்பம் எழுதும் இன்றைய பெண்ணுக்கும் இம்மூன்று கேள்விகளும் பொருந்தும்.

விறலிக்கு வழி சொன்னவள்

தமிழில் நல்கை கேட்பதற்கென்றே ஓர் இலக்கிய வகை உண்டு. ஆற்றுப்படையில், பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர் வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞருக்கு எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், அங்கே என்ன கிடைக்கும் என்று சொல்கிறார். இன்றைய மொழியில் சொன்னால், நிதி பெற்றவர் அடுத்த விண்ணப்பதாரருக்குத் தரும் தகவல் அது. புறநானூற்றில் விறலியாற்றுப்படை என்றொரு துறையும் இருக்கிறது. அதில் ஆற்றுப்படுத்தப்படுபவள் ஆடிப் பாடும் பெண்.

புறநானூற்றின் 103ஆம் பாடல் அத்துறையில் அமைந்தது. பாடியவர் ஔவையார், பாடப்பட்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. இசைக்கருவிகளைச் சுமந்து வந்து வழியில் அமர்ந்திருக்கும் விறலிக்கு, கவிழ்ந்து கிடக்கும் தன் உண்கலத்தை நிமிர்த்தி நிரப்பப்போவது யார் என்பதே கேள்வி. அஞ்சியிடம் போ, பஞ்ச காலத்திலும் அவன் உன்னைக் காப்பான் என்கிறது பாடல். ஒரு பெண் புலவர் இன்னொரு பெண் கலைஞருக்கு நிதி இருக்கும் இடத்தைக் காட்டுகிறார். புலவர், விறலி என்ற படிநிலை அவர்களிடையே இருந்தது உண்மைதான். ஆனாலும் தகவல் பகிரப்பட்டிருக்கிறது.

இந்தப் பாடலை வகுப்பில் நடத்தும்போது கொடைச் சிறப்போடு நிறுத்திக்கொள்கிறோம். அஞ்சி அப்போது எங்கே இருக்கிறான் என்றும் பாடல் சொல்கிறது. அவன் பகைவர் நாட்டில் இருக்கிறான். எரியூட்டப்பட்ட போர்முனையிலிருந்து எழுந்த புகை, மலையைச் சூழும் மேகம்போல அவன் யானைகளைச் சூழ்ந்திருக்கிறது. விறலியின் கலத்தில் நிறையப்போகும் கொழுப்பும் ஊனும் அந்தப் புகைக்கு அப்பாலிருந்து வருகின்றன. எரிந்த ஊரில் எத்தனை பெண்களின் அடுப்பு அணைந்தது என்று பாடல் கணக்கிடவில்லை. ஆனால் புகையை அது மறைக்கவும் இல்லை. நிதியின் ஊற்றை ஒரே வரிசையில் வைத்துக் காட்டிய நேர்மைக்காகவும் ஔவையை நாம் படிக்க வேண்டும்.

ஒரு வீடு, ஒரு பங்கு

புரவலனின் மனநிலையை நம்பி இருந்த பரிசில், கோயில் பொருளாதாரம் வளர்ந்தபோது எழுத்துபூர்வமான ஏற்பாடாக மாறியது. அதன் மிகப் பெரிய சான்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசன் சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் கிடைத்தன. பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல் விளைவுள்ள நிலம்.

எந்தச் சேரியில், தெருவின் எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில், எந்தக் கோயிலிலிருந்து வந்த எந்தப் பெண் என்று 400 பேரையும் கல்வெட்டு பெயர் சொல்லி எழுதுகிறது. பெயர்களுக்கு முன்னால் நக்கன் என்ற அடை வருகிறது. அது சிவனின் பெயர். கணவன் பெயரால் அடையாளப்படுத்தப்படாத 400 உழைக்கும் பெண்களின் முகவரிப் பட்டியல் ஆயிரம் ஆண்டுகளாகக் கல்லில் நிற்கிறது. பெண்களின் பெயர்களுக்கு ஆவணங்கள் இடம் தராத ஒரு சமூகத்தில் இது சிறிய செய்தி அல்ல.

அதே கல்வெட்டில் நிபந்தனையும் இருக்கிறது. பங்கு பெற்றவர் இறந்தாலோ வெளியூர் சென்றாலோ, அவருக்கு நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணியைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரைப் பணியில் அமர்த்த வேண்டும். நிலம் பணிக்கு உரியது. பணி செய்யும்வரைதான் பெண்ணுக்கு உரியது. ஊதிய வேறுபாடும் பழையதே. ஆடிய பெண்ணுக்கு ஒரு பங்கு என்றால் ஆட்டுவித்த நட்டுவனாருக்கு இரண்டு பங்கு.

அந்த அரசன் இவர்களைத் தஞ்சைக்கு வரச் சொன்னபோது வர விருப்பமா என்று கேட்டானா என்பதைக் கல்வெட்டு பேசாது. கொடை ஆவணத்தில் பெற்றவரின் குரல் இடம்பெறுவதில்லை. அதே காலத்தில் கோயிலுக்குக் கொடுத்தவர்களாகவும் பெண்கள் இருந்தார்கள். செம்பியன் மாதேவி போன்ற அரசியரை எல்லோரும் அறிவர். கோயில் பெண்களும் தம் சொத்திலிருந்து கொடுத்து, அதன்வழி கோயிலில் மதிப்பும் உரிமையும் பெற்றதை லெஸ்லி ஓர் சோழர் காலக் கல்வெட்டுகளைக் கொண்டு விரிவாக எழுதியிருக்கிறார். கையேந்தி நின்றவள் என்ற ஒற்றைச் சித்திரத்தைக் கல்வெட்டுகள் ஏற்பதில்லை.

நகையை விற்றுக் கட்டிய நினைவிடம்

18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசர் பிரதாபசிம்மனின் அவையில் இருந்த முத்துப்பழனி, தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற காவியத்தை எழுதினார். அவை தந்த வாழ்வும் ஓய்வும் கல்வியும் இல்லாமல் அந்த நூல் இல்லை. பெண்ணின் விருப்பத்தைப் பெண்ணே எழுதிய அந்த நூலைக் காப்பாற்ற, பின்னாளில் அரசவை எதுவும் இல்லை. 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதைச் செம்மையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று காலனிய அரசு தடை செய்தது. படிகள் பறிமுதல் ஆயின. பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக இருந்த காலத்தில்தான் தடை விலகியது.

அதே நாகரத்தினம்மாள் திருவையாற்றில் சிதைந்து கிடந்த தியாகராசரின் சமாதியைத் தம் பணத்தில் மீட்டார். இடம் வாங்கிக் கட்டடம் எழுப்பி 1920களில் குடமுழுக்கும் செய்வித்தார். அவர் பொருளில் எழுந்த அந்த இடத்தில், ஆராதனையின்போது பாடப் பெண்களுக்கு இடமில்லை என்றார்கள் விழாவை நடத்திய ஆண்கள். அவர் பெண் கலைஞர்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். ஆண்களின் குழுக்களும் பெண்களின் குழுவும் ஒன்றாக 1940 வரை ஆனது. 1952இல் இறந்த அவர், தம் சொத்தையும் அந்த நினைவிடத்துக்கே எழுதிவைத்திருந்தார். பணம் கொடுப்பவருக்கு அதிகாரம் தானாக வரும் என்பது பொது விதி. கொடுப்பவர் தேவதாசி மரபில் வந்த பெண் என்றால் அந்த விதியும் மாறிவிடுகிறது.

நிலம் விடுபட்டது, கலை?

1929இல் சென்னை மாகாண அறநிலையச் சட்டத்தில் வந்த திருத்தம் நம் கேள்விக்கு மையமானது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் வந்த அச்சட்டம், தேவதாசிகள் அனுபவித்த மானிய நிலங்களைக் கோயில் பணி என்ற நிபந்தனையிலிருந்து விடுவித்தது. பணி செய்யாவிட்டாலும் நிலம் போகாது என்று ஆனது. தஞ்சைக் கல்வெட்டில் தொடங்கி நாம் பார்த்துவந்த முடிச்சைச் சட்டம் அவிழ்த்த தருணம் அது. பொட்டுக் கட்டுவதையே தடுத்த சட்டம் 1947இல் வந்தது.

பொட்டுக் கட்டும் வழக்கத்தில் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமையை மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உள்ளிருந்து எழுதினார். அதை மறந்து அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் தயாரில்லை. ஆனால் நிபந்தனையிலிருந்து நிலம் விடுபட்டபோது, அந்தப் பெண்களின் கலைக்கு மாற்று நிதி எதுவும் ஏற்பாடாகவில்லை. பொதுப்பணம் பின்னர் வந்தபோது நிறுவனங்களுக்கு வந்தது. 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா, 1993இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் ஆனது. ஆட்டம் நிறுவனமாகித் தொடர்ந்தது. அதைத் தலைமுறைகளாகச் சுமந்த பெண்களில் பலர் மேடையிலிருந்தே மறைந்தார்கள்.

மறையாமல் நின்றவர் பாலசரசுவதி. 1935இல் கல்கத்தாவில் அவர் ஆடியதைச் சிறுவனாகப் பார்த்தவர் சத்யஜித் ரே. அவர் ‘பாலா’ என்ற ஆவணப்படத்தை எடுத்தது 1976இல். தேசிய நிகழ்கலை மையமும் தமிழ்நாடு அரசும் அதற்குப் பணம் தந்தன. படத்தில் நாம் பார்க்கும் பாலாவுக்கு வயது 58. நாற்பது ஆண்டுகளாக அவரைப் படம்பிடிக்கத் தமிழ்நாட்டில் படச்சுருளும் கருவியும் இல்லாமல் இல்லை. அந்த ஆண்டுகளில் சென்னைப் படத்தளங்கள் ஆண்டு முழுவதும் இயங்கின. எதைப் பதிவு செய்யப் பணம் செலவிடலாம் என்று முடிவு செய்தவர்களுக்கு அவர் ஆட்டம் அவசரமாகப் படவில்லை, அவ்வளவுதான். ஒரு பெண் கலைஞரின் இளமை முழுவதும் பதிவின்றிப் போனதன் விலையை எந்தத் திட்ட அறிக்கையாலும் ஈடுகட்ட முடியாது.

அறக்கட்டளைகளின் காலம்

இந்த இழப்பை உணர்ந்து பெண்களே காப்பகம் கட்டத் தொடங்கியது 1980களில். எழுத்தாளர் அம்பை, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோர் 1988இல் மும்பையில் நிறுவிய ஸ்பாரோ, பெண்களின் குரலையும் படங்களையும் சேகரிக்கும் காப்பகம். நாடகக்காரர், ஓவியர், போராளி, வீட்டுப்பெண் என்று பலரின் வாழ்வு அங்கே ஒலியாகவும் காட்சியாகவும் இருக்கிறது. 1993இல் பெங்களூரில் பதிவுபெற்ற இந்தியக் கலை அறக்கட்டளை, தனிக் கலைஞர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் நல்கை தருகிறது. ஆங்கிலம் தெரியாதவர்களும் இந்திய மொழி எதிலும் விண்ணப்பிக்கலாம் என்பது அதன் முக்கியமான கொள்கை.

வெளிநாட்டு நிதி வேறு சிக்கலைக் கொண்டுவந்தது. 1976இல் நெருக்கடிநிலைக் காலத்தில் வந்த வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010இல் புதிதாக எழுதப்பட்டது. 2020இல் மேலும் இறுக்கப்பட்டது. வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்பு, அதில் நிர்வாகச் செலவுக்கு 50 விழுக்காடுவரை பயன்படுத்தலாம் என்றிருந்தது. அது 20 ஆகக் குறைந்தது. பணம் டெல்லியில் உள்ள ஒரே ஒரு பாரத ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்கில்தான் முதலில் வர வேண்டும். பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது.

கடைசி விதி யாரைத் தொட்டது என்று பாருங்கள். பதிவும் கணக்காய்வும் டெல்லித் தொடர்பும் உள்ள பெரிய அமைப்பு நேரடியாக நிதி பெறும். சிற்றூரில் பத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் நாடகக் குழுவோ, காணொளிக் குழுவோ அந்தப் பெரிய அமைப்பின் வழியாகத்தான் சிறு தொகை பெற்றுவந்தது. அந்த வாய்க்கால் அடைக்கப்பட்டது. சட்ட வாசகத்தில் பெண் என்ற சொல்லே இல்லை. விளைவு முதலில் பெண்கள் குழுக்களின் வாசலில்தான் தெரிந்தது.

ஒன்றரைக் கோடியும் தகுதியும்

அரசே பெண்களுக்கென்று நிதி ஒதுக்கினால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கென ஒரு திட்டத்தை நடத்துகிறது. தேர்வாகும் படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய்வரை கிடைக்கும். தாரா ராமானுஜனின் ‘நிஷித்தோ’, ஸ்ருதி சரண்யத்தின் ‘பி 32 முதல் 44 வரெ’ ஆகியவை இத்திட்டத்தில் வந்தவை. இரண்டாவது படம் பெண்கள் தம் மார்போடும் உடலோடும் நடத்தும் வாழ்வைப் பற்றியது. வணிகத் தயாரிப்பாளர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொல்லி ஒன்றரைக் கோடி வாங்க முடியுமா என்று யோசித்தால் திட்டத்தின் பொருள் புரியும். பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் இதேபோன்ற திட்டம் உண்டு.

2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்த திரைப்படக் கொள்கை மாநாட்டில் இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் இத்திட்டங்களை விமர்சித்தார். தொகை அதிகம், அதைப் பிரித்துப் பலருக்குக் கொடுக்கலாம், நிதி பெறுவோருக்கு முதலில் மூன்று மாதமாவது தீவிரப் பயிற்சி வேண்டும் என்பது அவர் கருத்து. பாடகி புஷ்பவதி அரங்கிலேயே எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தார்.

பயிற்சி யாருக்கும் கெடுதல் செய்யாது. ஆனால் முதல் படம் எடுக்கும் எல்லா ஆண்களிடமும் பணம் போடுபவர்கள் பயிற்சிச் சான்றிதழ் கேட்டிருந்தால் இந்தியத் திரையுலகில் எத்தனை பேர் எஞ்சியிருப்பார்கள்? பொதுப்பணம் பெண்ணின் கைக்கோ தலித்தின் கைக்கோ போகும்போது மட்டும் தகுதி என்ற சொல் முன்வரிசைக்கு வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிய தகுதி விதி குறைந்தபட்சம் ஆடத் தெரியுமா என்று மட்டும்தான் கேட்டது.

சாவா மூவா

எண்ணிமத் திட்டங்களுக்கு வருவோம். படம் எடுத்து முடித்தால் படம் இருக்கும். இணையக் காப்பகம் அப்படியல்ல. வழங்கி வாடகை, தளப்பெயர் புதுப்பிப்பு, கோப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றுவது என்று ஆண்டுதோறும் செலவு இருந்துகொண்டே இருக்கும். நல்கையோ பெரும்பாலும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று எல்லை வைத்தே வருகிறது. திறப்பு விழா நடக்கும். இறுதி அறிக்கை போகும். மூன்றாம் ஆண்டு தளம் திறக்காது. அதில் பேசிய மூதாட்டி அதற்குள் இறந்திருப்பார்.

நம் கல்வெட்டுகளில் இதற்கொரு பழைய விடை இருக்கிறது. கோயிலில் நந்தா விளக்கு எரிய எண்ணெய்க்குப் பணம் மட்டும் கொடுக்கவில்லை. 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுத்தார்கள். இடையர் மந்தையை வைத்துக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடானதும் செத்ததும் கழிந்தாலும் குட்டிகள் அந்த எண்ணிக்கையை நிரப்பும் என்பதால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். முதல் குறையாமல் விளைவை மட்டும் செலவிடும் நிரந்தர வைப்பு அது. சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று அந்த ஆவணங்கள் எழுதியது வெறும் அலங்காரம் இல்லை; அதற்குப் பின்னால் ஒரு மந்தை இருந்தது.

2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ஈழத்தமிழரின் நூலகம் எண்ணிம நூலகம், உலகெங்கும் சிதறிய மக்களின் சிறு நன்கொடைகளில் தொடர்ந்து வளர்கிறது. ஒரு பெரும் புரவலரைவிட ஆயிரம் சிறு கொடையாளர்களுக்கு ஆயுள் அதிகம் என்பதற்கு அது சான்று. லீனா மணிமேகலையின் ‘மாடத்தி’ கூட்டுநிதியில் உருவானது. ஊரார் கண்ணில் படவே கூடாது என்று ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண்ணின் கதைக்குச் சந்தை பணம் தராது. அந்தப் பணத்தை மனிதர்கள் சேர்த்துத் தந்தார்கள்.

விண்ணப்பம் எழுதும் தோழிக்கு

மாணவிகள் எழுதும் விண்ணப்பங்களின் வரவுசெலவுப் பக்கத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஒளிப்பதிவாளருக்கு ஊதியம் இருக்கும், படத்தொகுப்பாளருக்கு இருக்கும், பயணம், சாப்பாடு எல்லாம் இருக்கும். ஆறு மாதம் அலைந்து நேர்காணல் செய்து எழுதப்போகும் தனக்கு நேரே சுழியம் இருக்கும். கேட்டால், ஆசைப்பட்டுச் செய்வதுதானே என்பார்கள். வீட்டில் சம்பளமில்லாமல் செய்யும் வேலை விண்ணப்பத்திலும் தொடர்கிறது. 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயருக்கு நேரே ஒவ்வொரு பங்கு எழுதப்பட்டிருக்கிறது. உன் பெயருக்கு நேரேயும் ஒரு தொகையை எழுது. குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கும், உன்னிடம் தன் வாழ்வைச் சொல்லப்போகும் பாட்டிக்கும் சேர்த்து எழுது.

விண்ணப்பம் நிறுவனத்தின் வழியாகப் போனாலும் முதன்மை ஆய்வாளர் யார் என்பது உன் பெயரில் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் பதிப்புரிமைப் பத்தியைக் கையெழுத்திடும் முன் இரண்டு முறை படி. ஒலிப்பதிவின் ஒரு படி உன்னிடமும், பேசியவரின் குடும்பத்திடமும் இருக்க வேண்டும் என்று அதில் சேர்க்கச் சொல். திட்டக்காலம் முடிந்தபின் ஐந்தாண்டுக்கு வழங்கிச் செலவு எவ்வளவு என்று ஒரு வரி எழுது. மறுத்தால் மறுக்கட்டும், கேட்டதாக இருக்கும். பணம் எங்கிருந்து வருகிறது என்றும் விசாரி. அஞ்சியின் புகையைப் பார்த்தும் விறலி போனாளா என்று நமக்குத் தெரியாது. பார்த்துவிட்டு முடிவெடுப்பது உன் உரிமை.

கிடைத்துவிட்டால், உன் விண்ணப்பத்தைப் பெட்டிக்குள் பூட்டிவைக்காதே. எதைக் கேட்டாய், எதை மறுத்தார்கள், நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்பதையெல்லாம் அடுத்து எழுதப்போகும் பெண்ணிடம் சொல். ஆற்றுப்படையை அரசர் எவரும் எழுதவில்லை. பரிசில் பெற்றவர்கள்தான் எழுதினார்கள்.